அப்பாவின் எகோஸ்பிரின் 75: பிரஷர் ஏறியதற்கும் சளி விடாததற்கும் அதுதான் காரணமா?

சாரல்_தென்காசி

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவைப் பற்றி ஒரு குழப்பம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு வயது 66. 31 வருடம் பஸ் டிரைவர். பிரஷர் வந்து 12 வருடம் ஆகிறது. காலையில் டெல்மா எச் ஒன்று, அதாவது டெல்மிசார்ட்டன் 40, கூடவே ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 சேர்ந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எகோஸ்பிரின் 75, அதாவது ஆஸ்பிரின் 75 மில்லிகிராம். சுகர் இல்லை. நெஞ்சுவலியோ பக்கவாதமோ வந்ததில்லை, இதயக் குழாய் அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட்டும் கிடையாது. நான்கு வருடத்துக்கு முன் ஒரு மருத்துவ முகாமில், "வயசாகுது, பிரஷரும் இருக்கு, இதையும் போட்டுக்குங்க" என்று எகோஸ்பிரினை எழுதிக்கொடுத்தார்கள். அதற்கப்புறம் இது இன்னும் வேண்டுமா என்று யாரும் பார்க்கவில்லை. பழைய சீட்டைக் காட்டி அட்டை அட்டையாக வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

நான் இருப்பது கோயம்புத்தூரில். போன தீபாவளிக்கு வீட்டில் பிரஷர் பார்க்கும் மெஷின் வாங்கிக் கொடுத்தேன். சித்திரை வரைக்கும் 130, 135 என்றுதான் அம்மா போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். வைகாசிக்குப் பிறகு 150ஐத் தாண்டியது. போன வாரம் மூன்று நாள் தொடர்ந்து 164/98, 160/96, 168/100. சாரல் தொடங்கியதிலிருந்து சளியும் விடவில்லை. ஏற்கெனவே இடது முட்டியை மடக்க முடியாமல் வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கும் மனிதர், இப்போது இருமலும் சேர்ந்து ரொம்பவே சோர்ந்துவிட்டார்.

சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, "ஆஸ்பிரின் ரத்தத்தைத் தண்ணியாக்கிடும். தண்ணியான ரத்தத்துல எதிர்ப்பு சக்தி எங்கேருந்து இருக்கும்? அதை நிறுத்து" என்று சொல்லியிருக்கிறார். அப்பாவும் ஐந்து நாளாக எகோஸ்பிரினைத் தொடவில்லை. அத்தை மகன் சொல்வது நேர் எதிர். "75 பத்தாது மாமா, ராத்திரி 150 போடுங்க, பிரஷர் தானா இறங்கும்" என்கிறான். ஒருவர் நிறுத்தச் சொல்கிறார், ஒருவர் இரண்டு மடங்காக்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? டாக்டரிடம் வியாழக்கிழமைதான் போக முடியும். அதற்குள் என்ன கேட்க வேண்டும் என்றாவது தெரிந்துகொள்ள நினைக்கிறேன்.

---

வைகைக்கரை

ஸ்டென்ட் இல்லை, அட்டாக் வந்ததில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. இதே பதிவைப் படிக்கும் மற்றவர்களுக்காக எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

என் மாமியாருக்கு ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பல் பிடுங்க வேண்டும், ரத்தம் நிற்காது என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்ல, எங்களிடம்கூடச் சொல்லாமல் ஆஸ்பிரின், அதேபோல ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் குளோபிடோக்ரெல் இரண்டையும் நிறுத்திவிட்டார். ஆறாம் நாள் விடியற்காலையில் நெஞ்சுவலி. ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிட்டது என்றார்கள். பிழைத்துக்கொண்டார், ஆனால் இதயத்தின் பலம் பாதியாகிவிட்டது. ஸ்டென்ட், பைபாஸ், அட்டாக், பக்கவாதம் இதில் ஏதாவது ஒன்று இருப்பவர்கள் இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

---

ஓய்வுபெற்ற_மருந்தாளுநர்

அம்மா, நான் அரசு மருத்துவமனைகளில் 34 வருடம் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றவன். டாக்டர் இல்லை. ஆனால் சீட்டில் இருக்கும் மாத்திரையைவிட, சீட்டில் இல்லாத மாத்திரைதான் பல வீடுகளில் தொல்லை கொடுக்கும் என்பதைத் தினமும் பார்த்திருக்கிறேன். உங்கள் பதிவிலும் ஒரு மாத்திரை விட்டுப்போயிருக்கிறது என்று தோன்றுகிறது. 31 வருடம் கிளச் மிதித்த இடது முட்டி, மடக்க முடியவில்லை என்கிறீர்கள். அந்த வலிக்கு அப்பா என்ன சாப்பிடுகிறார்? அவரிடம் கேட்காதீர்கள், "ஒன்றும் இல்லை" என்றுதான் சொல்வார். அம்மாவை விட்டுச் சட்டைப் பை, பீரோ, தலையணைக்கு அடியில் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் பிரஷரை இப்படி ஏற்றாது. சித்தப்பா சொல்வதுபோல ரத்தத்தைத் தண்ணியாக்குவதும் இல்லை. ரத்தத்தில் தட்டணுக்கள் இருக்கின்றன. காயம் பட்டால் ஒன்றோடு ஒன்று ஒட்டி அடைப்பது அவைதான். ஒட்டுவதற்கு திராம்பாக்சேன் என்ற பொருள் வேண்டும், அதைத் தயாரிக்க காக்ஸ்-1 என்ற நொதி வேண்டும். ஆஸ்பிரின் அந்த நொதியைப் பூட்டிவிடுகிறது. மற்ற வலி மாத்திரைகள் பூட்டினால் சில மணி நேரத்தில் தானே திறந்துகொள்ளும். ஆஸ்பிரின் போட்ட பூட்டு திறக்காது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, புது நொதி செய்துகொள்ள அதற்கு வழியில்லை. 8 முதல் 10 நாள் வரையான அதன் வாழ்நாள் முழுக்கப் பூட்டியபடியேதான் சுற்றும். அதனால்தான் இவ்வளவு சின்ன அளவு போதுமானதாக இருக்கிறது. குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாயிலேயே 75 மில்லிகிராம் பெரும்பாலும் தன் வேலையை முடித்துவிடும். சிறுநீரகம் வரை போய்த் தொந்தரவு செய்ய அதில் அதிகம் மிஞ்சாது.

வலிக்கான அளவு வேறு கதை. நான் டி.பார்ம் படித்துக்கொண்டிருந்த 1982ல்தான் ஜான் வேனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்று 1971ல் சொன்னவர் அவர். எங்கள் ஆசிரியர் அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு உடம்பே தயாரிக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினார். வலியைத் தூண்டுவதும் அதுதான், வயிற்றின் உள்சுவரைக் காப்பதும் அதுதான், சிறுநீரகத்துக்கு ரத்தம் தாராளமாகப் போகும்படி குழாயை விரித்து வைப்பதும் அதுதான். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், அப்புறம் வேளைக்கு 325, 650 என்று போடும் ஆஸ்பிரின் எல்லாம் அதை உடம்பு முழுக்கக் குறைத்துவிடும். சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைத்துக்கொள்ளும். பிரஷர் ஏறும். அதோடு டெல்மிசார்ட்டன் போன்ற மாத்திரைகளின் பிடியும் தளர்ந்துபோகும். பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒருவர் வயிற்றில் சேர்ந்தால் சிறுநீரகமே அடிபடலாம். உங்கள் அப்பாவின் டெல்மா எச்சில் முதல் இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. மூன்றாவது எங்கே இருக்கிறது என்றுதான் தேடச் சொல்கிறேன்.

இனி எதிர்ப்பு சக்தி. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் குழந்தைகள் வார்டில் ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைகள் எப்போதும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். தொண்டைப் புண்ணாக வந்த கிருமியோடு சண்டை போடக் கிளம்பிய உடம்பு, தவறுதலாகத் தன் மூட்டையும் இதய வால்வையும் தாக்கும் நோய் அது. அந்தப் பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுத்தது இதே ஆஸ்பிரின்தான். ஆனால் அளவைக் கேளுங்கள்: ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 80 முதல் 100 மில்லிகிராம். 25 கிலோ பிள்ளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறையாது. பந்துபோல் வீங்கிய முட்டி இரண்டு நாளில் வற்றிவிடும். "காதுக்குள்ள குய்யுன்னு சத்தம் கேக்குது" என்று பிள்ளை சொன்னால் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், டாக்டர் உடனே குறைப்பார். அவ்வளவு ஆஸ்பிரினும் செய்தது வீக்கத்தை அடக்கியது மட்டும்தான். கிருமியை விரட்டப் பெனிசிலின் ஊசி தனியாகப் போட்டோம். ஆஸ்பிரினால் பிள்ளைகளின் எதிர்ப்பு சக்தி போய்விட்டது என்று எந்த டாக்டரும் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா போடும் 75, அந்த அளவில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. சாரல் காலத்துச் சளியை அதன் தலையில் கட்ட வேண்டாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மூக்கில் சதை வளர்ச்சியும் ஆஸ்துமாவும் சேர்ந்து இருப்பவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாது, போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூக்கு அடைத்து இழுப்பு வரும். அப்பாவுக்கு அப்படி இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மலம் தார்போலக் கறுப்பாகப் போகிறதா, வயிறு எரிகிறதா என்றும் கேளுங்கள். கறுப்பாகப் போனால் வியாழன் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போக வேண்டும்.

---

சாரல்_தென்காசி

அய்யா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அம்மா தேடினாள். அப்பா டூட்டிக்கு எடுத்துப்போகும் பழைய ரெக்சின் பைக்குள் ஏழு அட்டை. மூன்று காலி. டைக்ளோஃபெனாக் 50, பாராசிட்டமால் சேர்ந்தது. மெடிக்கலில் முட்டி வலி என்று சொன்னதும் கொடுத்திருக்கிறார்கள். சித்திரைத் திருவிழாவுக்குப் போய்ப் படியேறி வந்ததிலிருந்து காலையும் ராத்திரியும் போடுகிறாராம். கிட்டத்தட்ட மூன்று மாதம். "வலி மாத்திரைதானே, அதை எதுக்குச் சொல்லணும்" என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். நான்தான் மாதம் ஒருமுறை வந்து போகும்போது முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்திருக்க வேண்டும். பிரஷர் நம்பரை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

வயிறு எரிகிறதாம், ஜெலுசில் குடித்துச் சமாளித்திருக்கிறார். கறுப்பாகப் போகவில்லை என்கிறார். ஆஸ்துமா, மூக்கில் சதை எதுவும் இல்லை. நேற்று ராத்திரியிலிருந்து வலி மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது. ராத்திரி 150 போடுவது பற்றி மட்டும் சொல்லுங்கள், அத்தை மகன் ஏதோ வீடியோவை அனுப்பிக்கொண்டே இருக்கிறான்.

---

அன்னம்_டீச்சர்

இந்த ராத்திரி 150 என்பதை நானே சாப்பிட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஆனால் என் கதை பிரசவக் கதை.

2016ல் முதல் பிள்ளை. 33 வாரத்தில் கால், முகமெல்லாம் வீங்கி, கண் மங்கி, பிரஷர் 170/110. அன்றைக்கே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பிள்ளை 1.6 கிலோ, 24 நாள் இன்குபேட்டரில் இருந்தான். 2020ல் இரண்டாவது உண்டானபோது டாக்டரம்மா 12ஆம் வாரத்திலேயே ஆஸ்பிரின் 150 எழுதினார், ராத்திரி படுக்கும்போது, 36 வாரம் வரை. "வயித்துப் பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தி இல்லாம போயிடும்" என்று என் மாமியாரும் பயந்தார். டாக்டரம்மா அவரை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். 2017ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள கர்ப்பிணிகளுக்கு இதே 150ஐ ராத்திரியில் கொடுத்தபோது, 37 வாரத்துக்கு முன்பே வரும் இந்த பிரஷர் நோய் 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்ததாம். எனக்கு 38 வாரத்தில் 2.9 கிலோவில் பெண் பிறந்தாள். பிரஷர் 130ஐத் தாண்டவில்லை. அப்படியென்றால் ஆஸ்பிரின் பிரஷரைக் குறைக்கிறது என்றுதானே அர்த்தம்? மருந்தாளுநர் அய்யாதான் சொல்ல வேண்டும்.

---

ஓய்வுபெற்ற_மருந்தாளுநர்

டீச்சர், உங்கள் மகளைப் பற்றிப் படித்தபோது மனம் நிறைந்தது. உங்கள் உடம்பில் ஆஸ்பிரின் செய்தது பிரஷரை இறக்கும் வேலை இல்லை. நஞ்சுக்கொடி கருப்பையில் வேர் பிடிக்கும் காலத்தில் அங்குள்ள ரத்தக் குழாய்கள் சரியாக விரியாவிட்டால் பின்னால் அந்த நோய் வருகிறது. அந்த இடத்தில் ரத்தம் தடையில்லாமல் ஓட உதவுகிறது ஆஸ்பிரின். அதனால்தான் 16 வாரத்துக்கு முன்பே தொடங்கச் சொல்கிறார்கள். ஏற்கெனவே ஏறிவிட்ட பிரஷருக்கு இது மருந்தாகாது.

அத்தை மகனின் வீடியோவுக்கு வருகிறேன். அவர் காற்றில் பிடித்துச் சொல்லவில்லை. ஸ்பெயினில் நடந்த சில ஆய்வுகளில் ராத்திரி ஆஸ்பிரின் போட்டவர்களுக்கு பிரஷர் சற்று இறங்கியது. பிறகு நெதர்லாந்தில் இதய நோயாளிகளை வைத்துச் சோதித்தபோது பிரஷரில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே பிரஷருக்காக ஆஸ்பிரினைக் கூட்டுவது வீண் வேலை. அளவு கூடினால் பலன் கூடும் என்பதும் இல்லை. ஏற்கெனவே இதய நோய் உள்ள சுமார் 15,000 பேரை வைத்து அமெரிக்காவில் 81க்கும் 325க்கும் ஒப்பிட்டார்கள். 2021ல் வந்த முடிவில் அட்டாக், பக்கவாதம், மரணம் எதிலும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. 325 எடுத்தவர்களில் நிறையப் பேர் பாதியிலேயே 81க்கு மாறிவிட்டார்கள். பெரிய அளவுக்கு இடம் வேறு. அட்டாக் வந்த நேரத்தில் 300 மில்லிகிராம் கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் 2023ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 300, குளோபிடோக்ரெல் 300, கொழுப்பைக் குறைக்கும் அட்டார்வாஸ்டாடின் 80 கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். என் காலத்தில் இது இருந்திருந்தால் எத்தனையோ பேர் வழியிலேயே போயிருக்க மாட்டார்கள்.

இனி டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: அட்டாக்கே வராத அப்பாவுக்கு இந்த 75 இன்னும் தேவையா? பிரஷர்காரர்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்கும் பழக்கத்துக்கு 1998ல் வந்த ஹாட் ஆய்வு ஒரு பெரிய காரணம். 26 நாடுகளில் 18,790 பேர், தினம் 75 மில்லிகிராம். மாரடைப்பு 36 சதவீதம் குறைந்தது, பக்கவாதம் குறையவில்லை, பெரிய ரத்தக்கசிவு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அதுவும் மாத்திரையால் பிரஷரை நன்றாகக் கட்டுக்குள் வைத்திருந்தவர்களிடம் பார்த்தது. 168/100 இருக்கும்போது ஆஸ்பிரின் போட்டால் மூளையில் ரத்தம் கசியும் பயமும் சேர்ந்துகொள்ளும். 2018ல் ஆஸ்திரேலியா, அமெரிக்காவில் இதய நோய் இல்லாத 19,114 முதியவர்களிடம் 100 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது இதயத்துக்குத் தெளிவான லாபம் கிடைக்கவில்லை. பெரிய ரத்தக்கசிவு 2.8 சதவீதத்திலிருந்து 3.8 ஆனது. அதே ஆய்வை 2023ல் மறுபடி அலசியதில் ரத்தச்சோகையும் சுமார் 20 சதவீதம் கூடுதல். நான்கு வருட எகோஸ்பிரினோடு மூன்று மாத டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்த வயிறு உங்கள் அப்பாவுடையது. ஹீமோகுளோபின், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சித்தப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். 2025ல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் எலிகளிடம் கண்டது அவர் பயப்படுவதற்கு எதிரானது. தட்டணுக்கள் விடும் திராம்பாக்சேன், புற்றுநோய் செல்களை வேட்டையாடும் டி அணுக்களை அடக்கி வைக்கிறதாம். ஆஸ்பிரின் திராம்பாக்சேனைக் குறைத்ததும் அந்த அணுக்கள் மறுபடி வேலை செய்தன. இது எலியில் பார்த்தது, மனிதர்களிடம் சோதனை நடந்துகொண்டிருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு அவர் மெடிக்கலுக்குப் போய்விடக் கூடாது.

இன்னொன்று. மழைக்காலம் வருகிறது. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் டிஸ்பிரின் கரைத்துக் கொடுக்காதீர்கள், அதுவும் ஆஸ்பிரின்தான். டெங்குவில் தட்டணுக்கள் ஏற்கெனவே குறையும், ஆஸ்பிரின் இருப்பவற்றையும் செயலிழக்கச் செய்துவிடும். பிள்ளைகளுக்குக் காய்ச்சலிலோ அம்மையிலோ ஆஸ்பிரின் கொடுத்தால் ரே நோய் என்று கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ஆபத்தும் இருக்கிறது. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும்.

---

சாரல்_தென்காசி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள்.

வியாழக்கிழமை நானே லீவு போட்டு வந்து அப்பாவை அழைத்துப் போனேன். ரெக்சின் பையை அப்படியே டாக்டர் மேசையில் வைத்தேன். ஹீமோகுளோபின் 10.4, கிரியேட்டினின் 1.6. எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் இரண்டு மூன்று இடத்தில் சின்னச் சின்னப் புண். ஈசிஜி, எக்கோ இரண்டும் நன்றாக இருக்கின்றன. இவருக்கு எகோஸ்பிரினால் லாபத்தைவிட நஷ்டம்தான் அதிகம் என்று டாக்டர் அதை நிறுத்திவிட்டார். வயிற்றுக்குப் பாண்டோபிரசோல், ரத்தத்துக்கு இரும்புச் சத்து மாத்திரை. பிரஷர் மாத்திரையில் கை வைக்கவில்லை, வலி மாத்திரை நின்ற பிறகு பார்ப்போம் என்றார்.

நேற்றுக் காலை 136/84. அம்மா மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் போன் செய்தாள். கிரியேட்டினின் 1.2க்கு வந்திருக்கிறது. சளி, சாரல் குறைந்ததோடு போய்விட்டது. முட்டிக்கு மேலே தடவும் ஜெல்லும், அரசு மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்த தொடைப் பயிற்சியும்தான் இப்போது. வலி இன்னும் இருக்கிறது. ஆனால் வலித்தால் என்னிடம் சொல்கிறார்.

சித்தப்பா தன்னுடைய மாத்திரைகளையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்து வந்தார். அவர் ஸ்டென்ட் வைத்தவர், எகோஸ்பிரின் கட்டாயம் வேண்டும், அதை நிறுத்த மாட்டார். ஆனால் பையில் ஐபுபுரூஃபன் 400 அட்டை ஒன்று இருந்தது, முதுகு வலிக்கு அடிக்கடி போடுகிறாராம். அய்யா, அது எகோஸ்பிரினைக் கெடுக்குமா?

---

ஓய்வுபெற்ற_மருந்தாளுநர்

கெடுக்கும் அம்மா. ஆஸ்பிரின் போய் உட்கார வேண்டிய இடத்தில் ஐபுபுரூஃபன் முதலில் உட்கார்ந்துகொள்ளும். ஆஸ்பிரின் பூட்ட முடியாமல் சில மணி நேரத்தில் உடம்பைவிட்டுப் போய்விடும், தட்டணுக்கள் பழையபடி ஒட்டத் தொடங்கும். ஸ்டென்ட் வைத்தவருக்கு அது ஆகாது. இன்றைக்கே அந்த அட்டையை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். முதுகு வலிக்கு என்ன போடலாம் என்று அவருடைய இதய டாக்டரிடம் கேட்கட்டும். எகோஸ்பிரினை மட்டும் ஒரு நாளும் விட வேண்டாம்.